சரளை நிலத்துப் பிரெஞ்சுக்காரி

கலிஃபோர்னியாவின் பிளசன்டனில் எங்களுக்கு கிரீன் கார்டு வந்தபோது மகளுக்கு மூன்று வயது. அந்த வாரமே அவளை டேகேரில் சேர்த்துவிட்டு நான் வேலை தேடக் கிளம்பினேன். அதுவரை டிபெண்டென்ட் விசா. சட்டப்படி ஒரு டாலர்கூடச் சம்பாதிக்கக் கூடாது. கல்யாணத்துக்கு முன் சத்தியமங்கலம் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையின் டிஸ்டிலரியில் ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டவள் நான். கரும்பின் கழிவுப்பாகில் ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து எரிசாராயம் வடிக்கும் இடம் அது. ஈஸ்ட்டுக்கு எது பிடிக்கும், அது எப்போது சோர்ந்துபோகும், எப்போது சாகும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. வீட்டில் சும்மா இருந்த வருடங்களில் அந்த அறிவு எங்கும் ஓடிப்போய்விடவில்லை.

பயோடெக் கம்பெனிகள் எல்லாம் அமெரிக்க அனுபவம் உண்டா என்று கேட்டன. வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று ஒரு நேர்காணலில் நான் திருப்பிக் கேட்டேன். அவர்கள் சிரித்தார்கள், கைகுலுக்கினார்கள், அப்புறம் கூப்பிடவில்லை. பிறகு ஒருநாள் உள்ளூர்ச் செய்தித்தாளில் சின்னதாக ஒரு விளம்பரம் பார்த்தேன். பக்கத்து ஊரான லிவர்மோரில் ஓர் ஒயின் தோட்டத்துக்கு ஆய்வகத்தில் ஆள் வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து கால் மணி நேரம். ஃப்ரீவேயில் ஏறவே வேண்டியதில்லை.

கணவர் மென்பொருள் கம்பெனியில் இருந்தார். சாப்பிடும்போது விளம்பரத்தைக் காட்டினேன். தட்டைப் பார்த்தபடியே படித்தார்.

"ஒயின் கம்பெனியா? ஊர்ல என்னன்னு சொல்றது?"

"ஊர்ல நான் சாராயக் கம்பெனில இருந்தப்ப என்னன்னு சொன்னீங்களோ, அதையே சொல்லுங்க."

அவர் யோசித்தார். பெண் பார்க்க வந்த நாளில் டிஸ்டிலரி என்ற சொல்லை அவர் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. 'சுகர் மில்லில் வேலை' என்று எல்லோரும் கௌரவமாக நிறுத்திக்கொண்டார்கள். அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். சிரித்துவிட்டு, "சரி அம்மிணி, அப்ளை பண்ணு" என்றார்.

கோபியிலிருந்த அப்பாவிடம் நானே போனில் சொன்னேன். அவர் கரும்பு போடுகிறவர். நம்ம கரும்பும் கடைசியில அங்கதானே போகுது என்று சொல்லிவிட்டு, பேத்தியைக் கூப்பிடச் சொன்னார். விஷயம் அத்தோடு முடிந்தது.

*

நான் போய் இறங்கியபோது தகரக் கொட்டகை ஒன்றில், திராட்சை பிழியும் எந்திரத்துக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மெக்கானிக் என்று நினைத்து, முதலாளி எங்கே என்று கேட்டேன். ஸ்பானரோடு வெளியே வந்த பெண்தான் முதலாளி. நாற்பது வயது இருக்கும். குட்டை முடி, வெயிலில் சிவந்த கழுத்து, கை முழுக்க கிரீஸ். அவர் பேசியது ஆங்கிலம்தான், ஆனால் பாதிச் சொற்கள் மூக்கு வழியாக வந்தன. என் மனதில் அந்தப் பேச்செல்லாம் தமிழாகத்தான் தங்கியிருக்கிறது.

"குடிப்பியா?"

"இல்லை."

"மதமா?"

"பழக்கமில்லை. யாரும் கொடுத்ததும் இல்லை, நான் கேட்டதும் இல்லை."

ஈஸ்ட்டோடு வேலை பார்த்ததுண்டா என்றார். டிஸ்டிலரியைப் பற்றிச் சொன்னேன். வீட்டளவு உயரத் தொட்டிகளில் நாள் தவறாமல் நொதித்துக்கொண்டிருக்கும் என்றேன். அப்படியானால் என்னைவிட நீதான் அதிக மதுவை உற்பத்தி செய்திருக்கிறாய் என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு உள்ளே போய் ஒரு கண்ணாடிக் கோப்பையில் கொஞ்சம் வெள்ளை ஒயின் கொண்டுவந்தார். முதலில் முகர வேண்டும், வாயில் வைத்துச் சுழற்ற வேண்டும், பிறகு துப்பிவிடலாம். விழுங்கச் சொல்லவில்லை.

என் நாக்கில் பட்ட முதல் ஒயின் அது. நிறமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூக்குக்கு எட்டியதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வடிகால் ஓரமாய்த் துப்பினேன்.

"இது கெட்டுப்போச்சு. வினிகர் ஆயிட்டு வருது. பீப்பாயில் காற்று புகுந்திருக்கணும்."

"இது என்னோட ஒயின்" என்றார்.

"இருக்கலாம். கெட்டுப்போனது கெட்டுப்போனதுதான்."

அவர் கோப்பையை வாங்கி மிச்சத்தைத் தரையில் கொட்டினார். எனக்கு முன்னால் வந்த மூன்று பேர் அதையே குடித்துவிட்டு, பிரமாதம், பழ வாசனை, தேன் வாசனை என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். திங்கட்கிழமை வந்துவிடு என்றார். எனக்கு முன்னால் அந்த ஆய்வகத்தில் இருந்தவர்கள் யாரும் ஒரு வருடம் தாண்டவில்லை, காரணம் தன் வாய் என்பதையும் அவரே சொன்னார்.

*

பிரான்சில் போர்தோவுக்குப் பக்கத்துக் கிராமம் அவருடையது. பரம்பரையாகத் திராட்சை போடும் குடும்பம். நிலம் அண்ணன்களுக்குப் போனது. லிவர்மோரில் இருக்கும் அரசு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஓர் அமெரிக்கரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தார். கல்யாணம் நிலைக்கவில்லை. ஆனால் வந்த முதல் வாரமே அவர் இந்த ஊரின் மண்ணைப் பார்த்துவிட்டார். ஆற்றுக் கூழாங்கல்லும் சரளையும் கலந்த நிலம். மழை பெய்தால் தண்ணீர் நிற்காது. தன் அப்பாவின் தோட்டத்தில் இருப்பதும் இதே மாதிரிச் சரளைதான் என்று, கணவர் போன பிறகும் அவர் இங்கேயே நின்றுவிட்டார்.

லிவர்மோர் ஒரு காலத்தில் வெள்ளை ஒயினுக்குப் பெயர்பெற்ற பள்ளத்தாக்கு. நடுவில் மதுவிலக்கு வந்தது. அது போன பிறகு வடக்கே இருக்கும் நாபாவுக்கு எல்லாப் புகழும் போயிற்று. நான் வேலைக்குச் சேர்ந்த சமயத்தில் இங்கே மிச்சமிருந்தவை சில குடும்பத் தோட்டங்கள்தான். அவற்றின் வேலி வரைக்கும் புது வீடுகள் வந்து நின்றன. உண்மையைச் சொன்னால் நாங்கள் வாங்கிய வீடும் ஏதோ ஒரு வயலின் மேல் நிற்பதுதான். இந்த ஊர் முடிந்துபோன கதை என்று தோட்டக்காரர்களே பேசிக்கொண்டார்கள். அவர் ஒருவர்தான் இல்லை என்றார். அதைச் சத்தமாகச் சொன்னார், அழைக்காத இடத்துக்கும் போய்ச் சொன்னார். வங்கி மேனேஜரிடம் சொன்னார். கவுண்டி எனும் மாவட்ட அலுவலகத்தில் சொன்னார். நாபாவிலிருந்து வந்த ஒருவரிடம், உங்கள் ஒயினில் திராட்சையைக் காணோம், பீப்பாயின் மரப்பலகையைத்தான் குடிக்கிறேன் என்றார்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. வீட்டில் அவரைப் பற்றிப் பேசும்போது 'எங்கள் அம்மணி' என்பேன். அவர் கத்தினால் நான் பதில் பேசினேன். மற்றவர்கள் அதைப் பார்த்துப் பயந்தார்கள். நாங்கள் இருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

இரண்டாவது வருடம் வசந்தத்தில் தோட்டக்காரர்கள் எல்லோரும் கூடும் மதிய விருந்து ஒன்று நடந்தது. ஆளுக்கு ஒரு பாட்டில் கொண்டுவந்து, எல்லோரும் ருசி பார்ப்பது வழக்கம். நானும் அவரோடு போயிருந்தேன். அவரையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்தார். இந்த மண் உலகத்தின் எந்த மண்ணுக்கும் குறைந்ததில்லை என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. மேசையில் இருந்த ஒரு பாட்டிலை உயர்த்திப் பிடித்தார்.

"இப்படி ஒரு மண்ணை வெச்சுக்கிட்டு இதைச் செஞ்சிருக்கோம். இதுக்குள்ள போன திராட்சையை நினைச்சா எனக்குப் பாவமா இருக்கு."

அந்தப் பாட்டிலுக்குச் சொந்தக்காரர் மூன்றாவது மேசையில் இருந்தார். போர்ச்சுகீசிய வம்சம், எழுபது தாண்டியவர். அவர் தாத்தா நட்ட செமியோன் என்ற வெள்ளைத் திராட்சைக் கொடிகள் இன்னும் காய்த்துக்கொண்டிருந்தன. பள்ளத்தாக்கிலேயே வயதான கொடிகள் அவைதான். பெரியவர் எழுந்தார். நாற்காலியை மேசைக்குள் தள்ளிவைத்தார், தொப்பியை எடுத்தார், போய்விட்டார்.

பெரியவருக்கு அந்த ஊரில் எவ்வளவு மதிப்பு என்பது அடுத்த வாரம் தெரிந்தது. எங்களுக்குத் திராட்சை தருவதாக இருந்த தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்து, இந்த வருடம் வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். எங்கள் சொந்தக் கொடிகள் அப்போது இளசு. வெளித் திராட்சை இல்லையென்றால் தொட்டிகள் காலியாகக் கிடக்கும்.

*

பெரியவர் நிலத்தை விற்கப் போகிறார் என்ற செய்தி மே மாதம் வந்தது. வேலைக்கு வரும் வழியில் நானே பார்த்தேன். கொடிகளுக்கு நடுவே ஆரஞ்சு ரிப்பன் கட்டிய குச்சிகள் நட்டிருந்தார்கள். வீடு கட்டுகிறவர்கள் அளந்துவிட்டுப் போன அடையாளம். நான் போய்ச் சொன்னதும் எங்கள் அம்மணி கையிலிருந்த குழாயை அப்படியே போட்டுவிட்டார். கொட்டகை எங்கும் தண்ணீர் ஓடியது.

"போய் மன்னிப்புக் கேளுங்க" என்றேன்.

"பொய் சொல்லச் சொல்றியா? அந்த ஒயின் மோசம்."

"மோசம்தான். ஆனா நீங்க பாதியைத்தான் சொன்னீங்க. மீதியைப் போய்ச் சொல்லுங்க."

அந்தக் கொடிகளைப் பற்றி அவர் என்னிடம் எத்தனையோ தடவை பேசியிருக்கிறார். ஆற்றோரச் சாலையில் காரை நிறுத்திவிட்டு, வேலிக்கு வெளியே நின்று அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். பெரியவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை. அதைத்தான் நான் சொன்னேன். அன்றே போகலாம் என்றார், நீயும் வா என்றார்.

பெரியவர் எங்களைப் பின்வாசல் வழியாகச் சமையலறைக்குக் கூட்டிப்போனார். காபி கொடுத்தார். மறுத்துவிடுவார் என்றுதான் நினைத்திருந்தேன், ஆனால் வீட்டுக்கு வந்தவர்களை நிற்கவைத்துப் பேசுகிற மனிதர் இல்லை அவர். எங்கள் அம்மணி காபியைத் தொடாமல் ஆரம்பித்தார்.

"நான் உங்க ஒயினைத் திட்டினேன். அதை மாத்திக்க மாட்டேன். ஆனா இந்தக் கொடி மாதிரி எங்க அப்பாகிட்ட இல்ல. எங்க ஊர்லயே யார்கிட்டயும் இல்ல. அதைப் பிடுங்கப் போறீங்கன்னு கேட்டதிலேருந்து எனக்குச் சாப்பாடு இறங்கல."

பெரியவர் என் பக்கம் திரும்பினார். நீ என்ன நினைக்கிறாய் என்றார். நான் ஒயின் குடிப்பதில்லை, ருசி மட்டும் பார்ப்பேன் என்று முதலில் சொல்லிவிட்டேன். பிறகு, அந்த ஒயினில் வேகவைத்த பழத்தின் வாசனை வருகிறது, நொதிக்கும்போது தொட்டி சூடேறியிருக்கிறது, யாரும் குளிர வைக்கவில்லை, கோளாறு திராட்சையில் இல்லை என்றேன்.

பெரியவர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். தொட்டியைப் பார்த்துக்கொண்டது தன் மனைவி என்றார். திராட்சையை வளர்த்து அறுப்பது வரைக்கும் தன் வேலை, உள்ளே வந்த பிறகு எல்லாம் அந்த அம்மாவின் வேலை. ஐந்து வருடத்துக்கு முன் மனைவி இறந்துபோனார். அதிலிருந்து தனக்குத் தெரிந்த மாதிரி செய்துகொண்டிருப்பதாகச் சொன்னார்.

எங்கள் அம்மணியின் குரல் இறங்கிவிட்டது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரியாது என்று மட்டும் சொன்னார். மேசைமேல் இருந்த பெரியவரின் கையைத் தொட்டார். பெரியவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

நிலம் கைமாறுவது அறுவடைக்குப் பிறகுதான். அதனால் இந்த வருடத்துத் திராட்சையை எங்களுக்கே தருவதாகச் சொன்னார். என் மனைவி இந்த மேசையில் வைக்கக்கூடிய மாதிரி ஒன்றைச் செய்துகொண்டு வாருங்கள், அப்புறம் பேசலாம் என்றார். விற்க மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. வீடு கட்டுகிறவர்களோடு கையெழுத்துப் போடும் நாளைத் தள்ளிவைக்க முடியுமா என்று பார்ப்பதாக மட்டும் சொன்னார்.

*

செப்டம்பரில் அறுவடை. மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளர்களோடு நாங்களும் விடிகாலையில் போய் அறுத்தோம். குலைகள் சின்னதாக, மஞ்சள் பாரித்து, அடர்த்தியாக இருந்தன. பிழிந்த சாற்றில் பெரும்பகுதி ஸ்டீல் தொட்டிக்கும் கொஞ்சம் பீப்பாய்களுக்கும் போனது. கடையில் வாங்கும் ஈஸ்ட்டைப் போடக் கூடாது என்பது எங்கள் அம்மணியின் பிடிவாதம். திராட்சையோடும் தோட்டத்தோடும் இருக்கிற ஈஸ்ட்டே தானாக வேலை செய்யட்டும் என்பார். அது சரி என்று எனக்கும் தோன்றியது.

முதல் இரண்டு வாரம் நன்றாகப் போயிற்று. நாள்தோறும் காலையில் சர்க்கரை அளவைப் பார்ப்பேன், அது இறங்கிக்கொண்டே வரும். பிறகு தொட்டியில் நின்றுவிட்டது. ஒருநாள் இறங்கவில்லை, மறுநாளும் இறங்கவில்லை. பீப்பாய்களில் மட்டும் நுரை வந்துகொண்டிருந்தது. தொட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். ஈஸ்ட்டுகளில் பாதிக்குமேல் செத்துப்போயிருந்தன.

அவர் காத்திருப்போம் என்றார். அப்பாவின் நிலவறையில் சில வருடம் இப்படி நின்றுவிடும், குளிர்காலம் முழுக்கத் தூங்கும், வசந்தத்தில் தானே எழுந்துகொள்ளும் என்றார்.

"அது உங்க அப்பாவோட நிலவறை. நூறு வருஷத்து ஈஸ்ட் அந்தச் சுவர்ல இருக்கும். இது தகரக் கொட்டகை. இங்க காத்திருந்தா ஈஸ்ட் எழுந்திருக்காது, பாக்டீரியாதான் எழுந்திருக்கும்."

அவர் கத்தினார். நானும் கத்தினேன். தொழிலாளர்கள் சாப்பிட வெளியே போய்விட்டார்கள். இதை ஒயின் என்று நினைக்கிறாயா, சாராயம் என்று நினைக்கிறாயா என்று கேட்டார். ஈஸ்ட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்றேன். அவர் வெளியே போய்த் தோட்டத்தைச் சுற்றிவிட்டு வந்தார். வந்து, சரி, நீ என்ன செய்வாய், சொல் என்றார்.

டிஸ்டிலரியில் நாங்கள் செய்ததைத்தான் சொன்னேன். சோதனைக் குழாய் அளவு ஈஸ்ட்டைப் படிப்படியாக வளர்த்துத்தான் பெரிய தொட்டிக்குக் கொண்டுபோவோம். ஒரேயடியாகக் கொட்டினால் அதிர்ச்சியில் செத்துவிடும். இங்கே கடை ஈஸ்ட் தேவையில்லை. பீப்பாய்களில் அதே திராட்சையின் ஈஸ்ட் உயிரோடு துள்ளிக்கொண்டிருக்கிறது. அதில் கொஞ்சம் எடுத்து, வெதுவெதுப்பாக வைத்து, தீனி போட்டு வளர்ப்போம். தொட்டியின் ஒயினைச் சிறிது சிறிதாக அதில் கலந்து பழக்குவோம். பழகியபின் எல்லாவற்றையும் தொட்டியில் விடுவோம்.

அவர் யோசித்தது கொஞ்ச நேரம்தான். கடை ஈஸ்ட் இல்லை என்பது அவருக்குப் பிடித்துவிட்டது. என்னென்ன வேண்டும் என்று கேட்டார்.

அந்த வாரம் முழுக்க எனக்கு அதுதான் வேலை. சனிக்கிழமையும் போக வேண்டியிருந்தது. மதியம் கணவர் மகளைக் கூட்டிக்கொண்டு, எனக்குத் தயிர்சாதமும் ஊறுகாயும் எடுத்து வந்தார். அவர் அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல் முறை. எங்கள் அம்மணி பசிக்கிறது என்று சொல்லி என் டப்பாவிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டார். நாரத்தங்காய் ஊறுகாயை நக்கிப் பார்த்துவிட்டு, இதன் பெயரென்ன, என் ஒயினில் நான் தேடுகிற கசப்பு இதுதான் என்றார். கணவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இந்தம்மா உன்னையவிட மோசமாப் பேசுது, அம்மிணி."

"அதனாலதானுங்க ஒத்துப்போகுது."

வளர்த்த ஈஸ்ட்டைத் திங்கட்கிழமை தொட்டியில் விட்டோம். செவ்வாய்க்கிழமை ஒன்றும் தெரியவில்லை. புதன்கிழமை காலையில் தொட்டியில் காதை வைத்தேன். மழை தூறுவது மாதிரி உள்ளே ஓர் இரைச்சல் கேட்டது. அவரைக் கூப்பிட்டேன். அவரும் மறுபக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றார். சர்க்கரை மறுபடி இறங்கத் தொடங்கியது, மாத முடிவில் முழுசாகத் தீர்ந்துவிட்டது.

*

அடுத்த வசந்தத்தில், பாட்டிலில் அடைத்த முதல் நாளே, பெரியவர் வீட்டுக்குப் போனோம். அவர் கையெழுத்து நாளை இரண்டு தடவை தள்ளிப்போட்டிருந்தார். வீடு கட்டுகிறவர்கள் பொறுமை இழந்துகொண்டிருப்பதாகச் சொன்னார். அலமாரியிலிருந்து மூன்று கோப்பைகளை எடுத்துத் துடைத்தார். அவை மனைவியின் கோப்பைகள் என்று நாங்கள் கேட்காமலே சொன்னார்.

நானும் வாயில் வைத்துப் பார்த்தேன். அதற்குள் எனக்கு ஒயின் ருசி பழகியிருந்தது. எலுமிச்சைத் தோல், தேன்மெழுகு, கடைசியில் லேசான கசப்பு. துப்புவதற்கு அங்கே வடிகால் இல்லை. பாத்திரம் கழுவும் சிங்க்கில் துப்பலாமா என்று கேட்டேன். பெரியவர் தாராளமாக என்று கை காட்டினார். அவர் முதல் கோப்பையை மெதுவாகக் குடித்து முடித்தார். இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார்.

"அவ இருந்தா இதை யாருக்கும் குடுக்காம ஒளிச்சு வெச்சிருப்பா" என்றார்.

நிலம் முழுவதையும் அவர் காப்பாற்றிவிடவில்லை. சாலையை ஒட்டி, எதுவும் சரியாக விளையாத முன்பக்கத்தை வீடு கட்டுகிறவர்களுக்கே விற்றார். வயதான செமியோன் கொடிகள் இருந்த பின்பக்கத்தை விற்காமல், எங்களுக்கு நீண்ட குத்தகைக்குக் கொடுத்தார். இன்றைக்குக் கொடி வரிசையின் முனையில் நின்றால் வரிசையாக ஓட்டுக் கூரைகள் தெரியும். அதில் ஒரு வீட்டில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக் குடும்பம் ஒன்றுதான் இருக்கிறது. பின்ஜன்னலைத் திறந்தால் திராட்சைத் தோட்டம் என்று அவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அது எப்படித் தப்பியது என்று நான் ஒருதரம் சொன்னேன். அன்றிலிருந்து அந்த வீட்டு ஆன்ட்டி என்னைச் சங்கத்தில் அறிமுகப்படுத்தும்போது, சயின்டிஸ்ட் என்பதை விட்டுவிட்டு 'ஒயின் பண்றவங்க' என்றே சொல்கிறார்.

அந்த ஒயின் ஊருக்கு ஏதோ செய்தது. முதலில் கோபப்பட்ட தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். தங்கள் பீப்பாயிலிருந்து ஒரு புட்டியில் கொண்டுவந்து காட்டுவார்கள். எங்கள் அம்மணி வழக்கம்போல வாய்க்கு வந்தபடி திட்டுவார். திட்டிவிட்டு, அவர்களோடு நடந்துபோய்த் தொட்டியை எப்படிக் குளிரவைப்பது என்று காட்டிக்கொடுப்பார். அவர் விருந்துகளில் பேசுவது குறையவில்லை. கேட்பவர்களின் முகம்தான் மாறியிருந்தது. சான் பிரான்சிஸ்கோவின் பெரிய ரெஸ்டாரன்ட்கள் சில, எங்கள் ஊரின் பெயரை ஒயின் பட்டியலில் தனியாகப் போட ஆரம்பித்தன.

*

இரண்டாயிரத்து ஒன்றில் கணவரின் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள். அவருக்கும் வேலை போயிற்று. என் சம்பளத்திலும் இன்சூரன்ஸிலும் வீடு ஓடியது. அவர் சும்மா இருக்கப் பிடிக்காமல் எங்கள் கொட்டகையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கற்றுக்கொண்டார். எங்கள் அம்மணி அவரைத் திட்டவே மாட்டார். அது எனக்கு இன்னும் புரியாத விஷயம்.

செப்டம்பர் முதல் வாரத்தில் எங்கள் அம்மணியின் அப்பா இறந்துபோனார். ஒரு வாரத்தில் திரும்பிவிடுவேன், செமியோனைத் தொடாதே என்று சொல்லிவிட்டுப் பிரான்சுக்குப் போனார். அவர் திரும்புவதாக இருந்த வாரத்தில்தான் நியூயார்க்கில் அந்தக் கட்டிடங்கள் விழுந்தன. விமானங்கள் நின்றன. பிறகு பறக்கத் தொடங்கியபோதும் அவருக்கு உடனே டிக்கெட் கிடைக்கவில்லை.

அந்த நாட்களில் பெட்ரோல் பங்கில் ஒருவன் என்னைப் பார்த்து, உன் ஊருக்குப் போ என்று கத்தினான். கணவர் இனி தனியாகப் போகாதே என்றார். நான் போனேன். எப்படியோ பெரியவரின் காதுக்கும் விஷயம் போயிருக்கிறது. மறுநாள் காலை அவர் தன் பிக்கப் டிரக்கை எங்கள் கொட்டகை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தி, மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எதற்கு என்று கேட்டேன். என் திராட்சை பக்குவமாகிவிட்டதா என்று பார்க்க வந்தேன் என்றார். அறுவடை முடியும் வரை தினமும் வந்தார்.

பக்குவமாகித்தான் இருந்தது. வெயில் ஏறப் போகிறது என்று வானிலைச் செய்தியில் சொன்னார்கள். பிரான்சிலிருந்து போன் வந்தது. இன்னும் சில நாள் விடு, நான் வந்துவிடுகிறேன் என்றார்.

"அங்கிருந்து உங்களால பழத்தை வாயில போட்டுப் பார்க்க முடியாது. நான் போட்டுப் பார்த்தேன். நாளைக்கு அறுக்கிறேன்."

போனில் அவருக்குப் பின்னால் பிரெஞ்சில் யாரோ பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

"சரி, அறு" என்றார்.

அறுத்தோம், பிழிந்தோம். தொட்டியைக் குளிரவைத்தேன். எப்போது எதைச் செய்வது என்று யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இல்லை என்பது மூன்றாம் நாள்தான் என் கவனத்துக்கே வந்தது.

அவர் மாதக் கடைசியில் வந்து சேர்ந்தார். மெலிந்திருந்தார். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகாமல், பையோடு நேராகக் கொட்டகைக்கு வந்தார். என்னைக் கட்டிக்கொண்டார். அப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு தொட்டிக் குழாயைத் திறந்து கோப்பையில் பிடித்தார். நொதித்து முடியாத, கலங்கலான ஒயின். முகர்ந்தார், வாயில் வைத்தார், வடிகாலில் துப்பினார்.

"நானா இருந்தா காத்திருந்திருப்பேன்."

"தெரியும்."

"இதுல ஒண்ணும் மாத்தாதே" என்று சொல்லிக் கோப்பையை என் கையில் கொடுத்தார்.

அன்று மத்தியானம் சிவப்புத் திராட்சை லோடு வர வேண்டியிருந்தது. அவர் பையை ஆய்வக மூலையில் போட்டுவிட்டு ரப்பர் பூட்ஸ் தேடினார். அவருடையதைக் கணவர் போட்டுக்கொண்டு ஃபோர்க்லிஃப்டில் இருந்தார். கழற்றச் சொல்லி அவர் போட்ட சத்தம் வாசலில் நாற்காலி போட்டிருந்த பெரியவருக்கே கேட்டிருக்கும்.